ஆறாத புண்ணில் கூட்டணிக் கிருமிகள்

ராபர்ட் காக் 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். அடுத்து காலராவைத் துரத்திக்கொண்டு எகிப்து, கல்கத்தா என அலைந்து, அதன் கிருமியையும் அடையாளம் காட்டினார். ‘ஒரு நோய்க்கு ஒரு கிருமி’ என்பது அப்போதிருந்தே மருத்துவத்தின் பாலபாடம். காசநோய்க்கும் காலராவுக்கும் டைபாய்டுக்கும் அது இன்றும் பொருந்துகிறது. ஆனால், சர்க்கரை நோயாளியின் ஆறாத கால் புண்ணிலும், குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் கட்டிக்கொள்ளும் சீழிலும் பல இன பாக்டீரியாக்கள் சேர்ந்தே குடியிருக்கின்றன. அங்கே ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே தெரிந்துகொண்டால் போதாது. அவற்றுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலும் தெரிய வேண்டும்.

முதலில் வயிற்றுக்கு வருவோம். பெருங்குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. குடல் ஓட்டையாகி வெளியே சிந்தினால் அது தாக்குப்பிடிப்பது கடினம். கூடவே சிந்தும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவோ இருக்கிற ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்து அதற்கு இடம் பண்ணிக் கொடுக்கிறது. பாக்டீராய்ட்ஸ் பதிலுக்கு பென்சிலின் வகை மருந்துகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கிறது. அதன் நிழலில் ஈ.கோலியும் பிழைத்துக்கொள்கிறது.

1970-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் வயிற்றுக்குள் குடல் கிருமிகளை வைத்துப் பார்த்தார்கள். மருந்து தராத எலிகளில் 37 சதவீதம் இறந்தன. பிழைத்தவற்றுக்கு வயிற்றில் சீழ் கட்டியது. ஈ.கோலியைக் கொல்லும் ஜென்டாமைசின் மட்டும் கொடுத்தபோது இறப்பு 4 சதவீதமாகக் குறைந்தது, சீழ்க்கட்டி குறையவில்லை. பாக்டீராய்ட்ஸைக் கொல்லும் கிளிண்டாமைசின் மட்டும் கொடுத்தபோது கட்டி குறைந்தது, இறப்பு குறையவில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் இரண்டும் அடங்கின. வயிற்றுத் தொற்றுக்கு இருவகைக் கிருமிகளையும் தாக்கும்படி மருந்து கொடுக்கும் வழக்கத்துக்கு இத்தகைய ஆய்வுகளே அடித்தளம்.

இது நட்பின் கதை. பகையும் நோயாளிக்கு நன்மை செய்வதில்லை என்பதுதான் வியப்பு. நாள்பட்ட புண்களிலும், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயால் பாதிக்கப்பட்ட நுரையீரல்களிலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஆகிய இரு பாக்டீரியாக்களும் அடிக்கடி சேர்ந்து காணப்படுகின்றன. சூடோமோனாஸ் வெளியிடும் ஒரு வேதிப்பொருள் ஸ்டாஃபிலோகாக்கஸின் சுவாசத்தை முடக்குகிறது. மூச்சு முட்டிய ஸ்டாஃபிலோகாக்கஸ் சாகாமல் மெதுவாக வளரும் நிலைக்கு மாறிவிடுகிறது. ஜென்டாமைசின், டோப்ராமைசின் போன்ற மருந்துகள் கிருமிக்குள் நுழைய அதன் சுவாசத்திலிருந்து பிறக்கும் மின்விசை தேவை. சுவாசம் நின்றால் அந்த விசையும் இல்லை, மருந்துக்கு வழியும் இல்லை. எதிரி கொடுத்த அடியே கவசமாகிவிடுகிறது!

எல்லா நேரமும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. சில சூடோமோனாஸ் ரகங்கள் சுரக்கும் வேறு பொருள்கள் ஸ்டாஃபிலோகாக்கஸின் மேலுறையைக் கலைத்து, மருந்து எளிதாக உள்ளே போக உதவுகின்றன. எந்த ரகத்தோடு எந்த ரகம் சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதே மருந்து ஒருவருக்குப் பலிக்கும், இன்னொருவருக்குப் பலிக்காது.

ஆய்வகத்தில் சீழைக் கல்ச்சர் செய்யும்போது ஒவ்வொரு கிருமியையும் தனியே பிரித்து வளர்த்துத்தான் எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கிருமிகள் செய்யும் உதவியும் உபத்திரவமும் அந்த அறிக்கையில் வராது. மெதுவாக வளரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் புள்ளிபோலச் சிறிதாக இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடவும் கூடும். அறிக்கையில் ‘கேட்கும்’ என்று வந்த மருந்து புண்ணில் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே ஆறாத புண்ணுக்கு மாத்திரை மட்டும் போதாது. செத்த சதையை அகற்றிச் சுத்தம் செய்வது, சீழை வடிப்பது, ரத்த ஓட்டத்தைச் சீராக்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாமே சிகிச்சையின் பகுதிகள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் பாதங்களைப் பாருங்கள். புண் தெரிந்தால், போன முறை வாங்கிய ஆன்டிபயாடிக்கை மருந்துக் கடையில் மறுபடி கேட்டு வாங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.