பக்கவாதத் தசையிழப்பு

பக்கவாதத் தசையிழப்பு என்பது பக்கவாதத்தால் செயலிழந்த கை, கால்களின் தசைகள் மெலிந்து வலுவிழப்பதாகும். மூளையின் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. பாதிப்பு மூளையில்தான், தசைக்கு நேரடியாகக் காயம் எதுவும் இல்லை. ஆயினும் மூளையின் ஆணை கிடைக்காத தசை வேலையின்றிச் சுருங்குகிறது. அதனுள் கொழுப்பு சேர்கிறது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குப் புரதம் போதாமல் போவதும் மெலிவை விரைவுபடுத்தும். படுக்கையிலேயே இருப்பதால் நல்ல பக்கமும் ஓரளவு மெலிவதுண்டு.

பயிற்சியைத் தொடங்குதல்

எவ்வளவு விரைவாகத் தொடங்கினாலும் நல்லது என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆஸ்திரேலியா, மலேசியா உள்ளிட்ட 5 நாடுகளில் 2104 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015 இல் வெளியான அவெர்ட் ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. முதல் 24 மணி நேரத்திற்குள்ளேயே எழுப்பி, அடிக்கடி நீண்ட நேரம் பயிற்சி அளிக்கப்பட்டவர்களில், 3 மாதங்களுக்குப் பின் நல்ல நிலையை அடைந்தோர் வழக்கமான சிகிச்சை பெற்றோரைவிடச் சற்றுக் குறைவு. படுத்தே இருக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. தொடக்க நாட்களில் பயிற்சியின் அளவை மருத்துவக் குழுவே முடிவு செய்தல் வேண்டும்.

வலுவூட்டும் பயிற்சி

இலண்டனில் பெர்த்தா போபாத்தும் அவரது கணவர் மருத்துவர் காரெல் போபாத்தும் உருவாக்கிய முறை 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது. நோயாளி கடுமையாக முயன்றால் தசை விறைப்பு கூடும் என அவர்கள் கருதியதால், எடை தூக்கும் பயிற்சிகள் நெடுங்காலம் தவிர்க்கப்பட்டன. பிற்கால ஆய்வுகளில் வலுவூட்டும் பயிற்சி விறைப்பைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. தொடைத் தசைக்கு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து அமர்வதே சிறந்த பயிற்சி. வலு கூடக் கூட இருக்கையின் உயரத்தைக் குறைக்கலாம். தொடக்கத்தில் அருகில் ஒருவர் நிற்பது அவசியம்.

பழகிப்போன பயன்படுத்தாமை

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டவுப், ஒரு கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தார். இயக்க நரம்புகள் நலமாக இருந்தும் அவை அக்கையைப் பயன்படுத்தவில்லை. நல்ல கையைக் கட்டியதும் பயன்படுத்தத் தொடங்கின! (அவரது ஆய்வகக் குரங்குகள் நடத்தப்பட்ட விதம் 1981 இல் வழக்கானதும், அமெரிக்க விலங்குரிமை இயக்கம் அதனால் வளர்ந்ததும் தனிக்கதை.) தொடக்கத்தில் முயன்று தோற்ற விலங்கு, பின்னர் நரம்பு மண்டலம் தேறிய போதும் முயல்வதில்லை என அவர் விளக்கினார்.

மனிதரிலும் இவ்வாறே நிகழ்கிறது. நல்ல கையே எல்லா வேலைகளையும் செய்துவிடுவதால் மற்றொரு கை மேலும் மெலிகிறது. இதற்கான சிகிச்சையில் நல்ல கைக்கு விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் கையுறை மாட்டி, பலவீனமான கைக்கு இரு வாரங்கள் தீவிரப் பயிற்சி தரப்படுகிறது. பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேரிடம் நடந்து, 2006 இல் வெளியான எக்சைட் ஆய்வில், இதனால் கிடைத்த முன்னேற்றம் ஓராண்டுக்குப் பின்னும் நீடித்தது. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவேனும் விரிக்க இயலாதவர்களுக்கு இம்முறை பொருந்தாது.

தோள்மூட்டு

தோள் தசைகள் தளர்ந்திருக்கும்போது கையின் எடையே மேற்கை எலும்பைக் குழியிலிருந்து கீழிறக்கிவிடும். எனவே நோயாளியை எழுப்பும்போது செயலிழந்த கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது. அமர்ந்திருக்கும்போது அக்கையைத் தலையணை அல்லது மேசை மீது தாங்கி வைத்தல் வேண்டும்.