வளரிளம் பருவத்தினரின் உணவும் குடும்பச் சூழலும்

10 வயது முதல் 19 வயது வரையுள்ள காலத்தை உலக சுகாதார நிறுவனம் வளரிளம் பருவம் என வரையறுக்கிறது. உயரம், எடை, எலும்பின் உறுதி, இரத்தத்தின் அளவு ஆகிய அனைத்தும் வேகமாகக் கூடும் காலம் இது. இந்த வயதுப் பிள்ளைகள் கண்டதையும் தின்கிறார்கள் என்பது எல்லா வீடுகளிலும் கேட்கும் குறை. ஆனால் அவர்களுடைய தட்டில் என்ன விழுகிறது என்பதில் அவர்களின் விருப்பத்துக்கு உள்ள பங்கு சிறியது. பெற்றோரின் வருமானம், வேலை நேரம், வீட்டில் பரிமாறும் வரிசை, சாதி, பள்ளி நடைமுறை ஆகியவையே பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டில் இதைத் தெளிவாகக் காணலாம்.

வருமானமும் வேலை நேரமும்

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் கிடைக்கின்றன. ஆகவே ஏழை வீடுகளில் பெரும்பாலும் குறைவது சோறு அன்று. சோற்றோடு சேர வேண்டியவை. மாதக் கடைசியில் கை வறளும்போது பழம், பால், முட்டை என ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. வயிறு நிறைந்துவிடுவதால் சத்துக் குறைவை வீட்டார் ஒரு குறையாகவே எண்ணுவதில்லை.

தாய் விடியற்காலையிலேயே களையெடுக்கவோ பனியன் கம்பெனிக்கோ கிளம்பும் வீட்டில், பிள்ளையின் காலை உணவு பழைய சோறாக இருக்கும். இல்லையென்றால் டீயும் பன்னும். பழைய சோறு தவறான உணவு அன்று. சிக்கல் டீயில்தான் உள்ளது. தேயிலையிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. மாலையில் பசியோடு வீடு திரும்பும்போது கையிலுள்ள 5 ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் கிடைப்பது சிப்ஸ் பொட்டலம். அந்தக் காசுக்கென்றே அளந்து அடைக்கப்பட்ட பொட்டலம் அது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது என 2020-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. வீட்டுத் தெருமுனைக் கடைக்கு அந்த விதி எட்டாது.

வசதியுள்ள வீடுகளின் சிக்கல் வேறு. காலை 7 மணி வேனுக்காகச் சாப்பிடாமல் ஓடுவது, டியூஷன் முடிந்து இரவு 9 மணிக்கு மேல் பரோட்டாவோ பிரியாணியோ வரவழைப்பது, விளையாட்டுப் பாடவேளையையும் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடுவது ஆகியவை சேர்ந்து உடல் எடையைக் கூட்டுகின்றன.

பரிமாறும் வரிசை

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்தாலும் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே உணவு கிடைப்பதில்லை. அப்பாவும் ஆண்பிள்ளைகளும் சாப்பிட்ட பிறகு தாயும் மகளும் உட்காரும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் உண்டு. அதற்குள் குழம்பிலிருந்த மீன்துண்டு தீர்ந்திருக்கும். யாரும் வேண்டுமென்று மறுப்பதில்லை. "அவன் வளருற புள்ள" என்ற ஒரு சொல் போதும். அவளும் வளர்கிற பிள்ளைதான்.

இதே வீட்டில் பெண் வயதுக்கு வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று கேட்காமலே ஊட்டுகிறார்கள். இந்த வயதில் பெண்ணுக்குக் கூடுதல் ஊட்டம் வேண்டும் என்ற அறிவு மரபிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் சடங்கு முடிந்ததும் உளுந்தங்களி நின்றுவிடுகிறது, மாதவிடாய் நிற்பதில்லை.

16 முதல் 18 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராமும், அதே வயது ஆணுக்கு 26 மில்லிகிராமும் இரும்புச்சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. தேவை கூடுதலாக உள்ளவருக்கே பங்கு கடைசியில் வருகிறது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்திய அளவில் 15–19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. இரத்தசோகை உள்ள பெண்ணுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பாடத்தில் கவனம் நிற்காது. வீட்டில் அவளுக்குப் பெரும்பாலும் சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

பள்ளி

வீட்டில் விடுபட்டதைப் பள்ளி ஓரளவு ஈடுசெய்கிறது. 1982-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1984-இல் 10-ஆம் வகுப்பு வரை விரிந்தது. பின்னாளில் முட்டையும் சேர்ந்தது. ஆனால் மேல் வகுப்புக்குப் போகப்போக, சத்துணவு வரிசையில் நிற்பதை ஏழ்மையின் அடையாளமாகக் கருதிக் கூச்சப்படும் மாணவர்கள் உண்டு. வீட்டிலிருந்து கொண்டுவருவோருக்கும் கூச்சம் இருக்கிறது. கருவாடோ மாட்டிறைச்சியோ இருக்கும் டப்பாவைத் திறந்தால் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சும் பிள்ளைகள் வெறும் தயிர்ச் சோற்றைக் கொண்டுவருகிறார்கள். மலிவாகக் கிடைக்கும் நல்ல புரதமும் இரும்புச்சத்தும் இப்படித்தான் டப்பாவிலிருந்து மறைகின்றன.

2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கானது. அதற்குள் வளரிளம் பருவத்தினரில் பெரும்பாலோர் வருவதில்லை. சத்துணவோ 10-ஆம் வகுப்போடு முடிகிறது. பிளஸ் ஒன் சேரும் மாணவிக்கு அப்போது வயது 15 அல்லது 16. அதே வளாகத்தில் அதே மணி அடிக்கும்போது, சென்ற ஆண்டு வரை தட்டோடு போய் நின்ற வரிசையில் அவளுக்கு இடமில்லை. காலையில் டீ மட்டும் குடித்து வந்திருந்தால், அவளுடைய அடுத்த உணவு தாய் வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான்.