ஃபோர்க் லிப்ட் வண்டியைத் தினம் பார்க்கிறோமா?

பத்துப் பேர் சேர்ந்து இறக்கிய லாரிச் சரக்கை இன்று ஒரு ஃபோர்க் லிப்ட் இறக்கிவிடுகிறது. அரிசி ஆலை, சிமெண்டு, டைல்ஸ், இரும்புக் கிட்டங்கி நடத்தும் நம் அன்பர்கள் சிலர் இதைச் சொந்தமாகவும், சிலர் வாடகைக்கும் வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜையன்று கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் இட்டுச் சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்கிறோம். வண்டியை அடிமுதல் நுனிவரை ஒருவர் கண்கொண்டு பார்ப்பது பல இடங்களில் அந்த ஒரு நாள்தான். மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர் அச்சாணியைத் தொட்டுப் பார்க்காமல் வண்டி பூட்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த வண்டியைத் தினமும் வேலைக்கு எடுக்குமுன் சோதிக்க வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பளுதூக்கும் இயந்திரங்களையும் சங்கிலிகளையும் 12 மாதத்துக்கு ஒருமுறையேனும் தகுதி பெற்றவரைக் கொண்டு பரிசோதித்து ஏட்டில் பதியச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு வந்துள்ளது. தத்தம் கிட்டங்கிக்கு எது பொருந்தும் என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தாரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சட்டம் கிடக்கட்டும். காலையில் பத்து நிமிடம் போதும். முதலில் வண்டி நின்ற தரையைப் பாருங்கள். எண்ணெய்ச் சொட்டு இருந்தால் எங்கோ கசிகிறது. ஹைட்ராலிக் குழாயில் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டையை நீட்டிப் பார்க்க வேண்டும். அடுத்து ஃபோர்க். அது மடங்கும் இடத்தில்தான் தேய்மானமும் விரிசலும் தெரியும். 40 மில்லிமீட்டர் கனம் 36 ஆகிவிட்டால், அதாவது பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால், தூக்கும் சக்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், மாற்றியே ஆகவேண்டும். பற்றவைத்து ஓட்டுவது சிக்கனமல்ல. சங்கிலி நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டாலும் அப்படியே: 300 மில்லிமீட்டர் இருந்த துண்டு 309 காட்டினால் அதன் ஆயுள் முடிந்தது. பிரேக், ஹாரன், டயர் ஆகியவற்றை டிரைவரே அறிவார்.

பளுவின் அளவு வண்டியில் உள்ள தகட்டில் பொறித்திருக்கும். 2 டன் என்றால் 50 கிலோ மூட்டை 40. அதுவும் பளுவின் மையம் ஃபோர்க்கின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான். நீளமான கம்பிக் கட்டோ, கதவுச் சட்டமோ ஏற்றினால் மையம் தள்ளிப்போய் அந்த 2 டன் செல்லாது.

பார்த்ததை நோட்டில் எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவால் முப்பது நாளுக்கும் டிக் போட்ட நோட்டை நாம் பார்த்திருக்கிறோம்; அதற்கு நோட்டே இல்லாதிருப்பது மேல். இதில் உண்மையான சோதனை முதலாளிக்குத்தான். வாசலில் லாரி நிற்கிறது, வாடகை ஏறுகிறது; டிரைவர், “அண்ணாச்சி, பிரேக் பிடிக்கலே” என்கிறார். “இந்த ஒரு லோடு மட்டும் இறக்கிடு தம்பி” என்று சொல்லாமலிருக்க மனம் வரவேண்டும். வேலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பை 1923லேயே சட்டம் முதலாளியின் தலையில் வைத்துவிட்டது.

வாடகை வண்டியானால் கடைசியாகப் பரிசோதித்த சான்றை வாங்கிப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். பேட்டரி வண்டியைச் சார்ஜ் செய்யும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்கட்டும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். பக்கத்தில் பீடி கூடாது.