முதலாம் வருடத்து ‘சி’

பட்டமும் படிப்பும் – 9

சென்ற வாரம், ஏஎல் பெறுபேற்றைக் கணிக்கும் இசற் புள்ளியோடு (Z-score) நிறுத்தியிருந்தோம். 2001 தொடக்கம் அந்தக் கணக்குத்தான் பல்கலைக்கழக வாசலைத் திறந்துவிடுகிறது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அதற்கு முந்திய கதை எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். 1971 அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலப் பிள்ளை 400க்கு 250 எடுக்க வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலப் பிள்ளைக்கு 229 போதுமாக இருந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீட்டு முறை வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி, சேர் பொன். இராமநாதனின் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து ஐம்பது வருடமாக வாசலைப் பற்றிப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். வாசலைத் தாண்டிய பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றியோ எங்கள் பத்திரிகைகளில் ஒரு பத்திகூடக் காண்பது அரிது.

உள்ளே நடப்பதைத் தீர்மானிப்பவை பரீட்சை ஒழுங்குவிதிகள். புதுமுக மாணவருக்குக் கொடுக்கும் கைந்நூலின் பின்பக்கங்களில் அவை இருக்கும். முதல் மாதத்தில் அதை விரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. போர்டிங் தேட வேண்டும், சீனியர்மாரைச் சமாளிக்க வேண்டும், வங்கிக் கணக்குத் திறக்க வேண்டும். முதல் றிசல்ற்ஸ் வந்த பிறகுதான் அந்தப் பக்கங்கள் தேடப்படும்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிடும் 50 மணித்தியாலம். வருடத்துக்கு 30 கிரெடிட்; மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நான்கு வருடக் கௌரவப் பட்டத்துக்கு 120. மூன்று கிரெடிட் பாடமொன்றில் விரிவுரை ஏறக்குறைய 45 மணித்தியாலம். மிச்சம் 105 மணித்தியாலம் பிள்ளை தானாகப் படிக்க வேண்டியது. ஐந்து பாடம் எடுத்தால் பதினைந்து வாரத்துக்குள் 525 மணித்தியாலச் சுயபடிப்பு. விரிவுரையையும் சேர்த்தால் வாரத்துக்கு 50 மணித்தியாலம். கடதாசியில் இந்தச் சுமை எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஒட்டுசுட்டானிலிருந்து வரும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். போர் முடிந்த 2009இல் அவளுக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது முகாமில். ஓஎல், ஏஎல் காலத்தைக் கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் எடுத்துக்கொண்டன; 2022ஆம் ஆண்டு ஏஎல் பரீட்சை நடந்ததே 2023 ஜனவரியில்தான். இத்தனையையும் கடந்து, முல்லைத்தீவு மாவட்ட ஒதுக்கீட்டில் விஞ்ஞான பீடத்துக்கு வருகிறாள். ஏஎல் முழுவதும் தமிழில் எழுதியவள். பொது ஆங்கிலம் என்றொரு பாடம் இருந்தது. அது இசற் புள்ளியில் சேராது என்பதால் ரியூசனிலும் அதைக் கவனித்தவர் இல்லை. கம்பஸில் முதல் விரிவுரையே ஆங்கிலத்தில். புத்தகத்தின் ஓரமெல்லாம் பென்சிலால் தமிழ்க் கருத்து எழுதி எழுதிப் படிக்கிறாள். அறைத் தோழி அரை மணித்தியாலத்தில் முடிக்கும் பக்கம் இவளுக்கு இரண்டு மணித்தியாலம் பிடிக்கிறது. பின்னேரத்தில் கொக்குவிலில் இரண்டு வீடுகளுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் போர்டிங் காசு கட்டலாம். அந்த 525 மணித்தியாலத்தை அவள் எங்கே போய்த் தேடுவாள்?

முதல் அரையாண்டில் இரண்டு பாடம் விழுகிறது. பேச்சு வழக்கில் ‘றிப்பீற்’. அடுத்த வருடம் திரும்ப எழுதுகிறாள். அதற்குள் ஆங்கிலம் பிடிபட்டுவிட்டது, பாடமும் விளங்கிவிட்டது. விடைத்தாள் ஏ தரத்தில் இருக்கிறது. ஆனால் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பொது வழக்கப்படி, றிப்பீற் எழுதியவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தரம் சி. ஏயின் பெறுமதி 4.0; சியின் பெறுமதி 2.0. அவள் என்ன எழுதினாலும் பதிவேட்டில் ஏறுவது 2.0தான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்போம். அவள் சளைக்காமல் படித்து, மிச்சம் 114 கிரெடிட்டிலும் ஏ மைனஸ், அதாவது 3.7, எடுக்கிறாள் என்று கொள்வோம். முதலாம் வருடப் புள்ளியையும் சேர்த்துக் கணக்கிடும் பீடமென்றால், அந்த ஆறு கிரெடிட் சியையும் கூட்டி 120ஆல் பிரிக்கும்போது 3.615 வரும். முதல் வகுப்புக்கு வேண்டியது 3.70. எல்லாப் பாடத்திலும் ஏ மைனஸ் எடுத்த தோழி முதல் வகுப்பு. இவள் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. நாலாம் வருடத்தில் இருவருக்கும் அறிவில் வித்தியாசமில்லை. முதல் நாலு மாதத்து ஆங்கிலம் மட்டும்தான் வித்தியாசம்.

இது நடந்தாலாவது பரவாயில்லை. பெரும்பாலும் இவ்வளவு தூரம் போக விடுவதில்லை. ‘ஸ்பெஷல்’ என்று நாங்கள் சொல்லிப் பழகிய கௌரவப் பட்டத்துக்கு ஆரம்ப வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் ஆள் எடுப்பார்கள். அந்த இரண்டு சியோடு அவள் அங்கேயே நின்றுவிடலாம். விரிவுரையாளர் வேலைக்கு ஸ்பெஷல் பட்டமும் நல்ல வகுப்பும் வேண்டும். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பிள்ளைகளை எடுக்கும் பல்கலைக்கழகத்தில், அந்த மாவட்டங்களிலிருந்து விரிவுரையாளர்கள் வருவதற்கான வழி முதல் அரையாண்டிலேயே ஒடுங்கிவிடுகிறது. இதைத்தான் நான் அநீதி என்கிறேன். இவளுடைய மாவட்டத்தின் குறைகளை வாசலில் கணக்கில் எடுத்த நாடு, உள்ளே வந்ததும் அவற்றை மறந்துவிடுகிறது.

‘மெடிக்கல்’ விஷயத்தையும் சொல்ல வேண்டும். பரீட்சை நேரத்தில் டெங்கு வந்து படுத்த பிள்ளை, உரிய வைத்தியச் சான்றிதழைக் குறித்த நாளுக்குள் கொடுத்து அது ஏற்கப்பட்டால், அடுத்த முறை முதல் தடவைப் பரீட்சார்த்தியாகவே எழுதலாம். சி எல்லை இல்லை. நாள் தவறினால் றிப்பீற்தான். காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளைக்காக அந்தக் கடதாசியை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? பட்டணத்தில் வீடிருந்தால் அப்பா மோட்டார் சைக்கிளில் போய்க் கொடுத்துவிடுவார். நெடுந்தீவுப் பிள்ளையின் அப்பா குறிகட்டுவானுக்குப் படகேறி, பிறகு பஸ் பிடித்து வர வேண்டும். பெற்றோர் இதை வாசித்தால் ஒன்று செய்யுங்கள்: மெடிக்கல் யாரிடம், எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பதைப் பிள்ளை சேர்ந்த கிழமையே கேட்டு எழுதி வையுங்கள்.

நிறுவனத்தால் காலம் போனால் மட்டும் கதை வேறு. 2012இல் விரிவுரையாளர்கள் நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024இல் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. நாட்காட்டியை நகர்த்தினார்கள், யாருடைய தரத்திலும் கை வைக்கவில்லை. அது சரியான முடிவு. அதே மனம் தனியொரு பிள்ளைக்கும் வேண்டும்.

சி எல்லைக்கும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. முதல் தடவையே பாஸ் பண்ணியவரும் ஒரு வருடம் மேலதிகமாகப் படித்து எழுதியவரும் ஒரே தரம் பெற்றால் முன்னவருக்குப் பாதகம். வேண்டுமென்றே பரீட்சையைத் தள்ளிப்போடுகிறவர்களும் வருவார்கள். ஆகவே எல்லையை முழுதாக எடுத்துவிடும்படி கேட்கவில்லை. முதல் அரையாண்டுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் முதல் அரையாண்டுக்கு எழுத்துத் தரமே பதிவதில்லை. சித்தியடைந்தால் சித்தி என்று மட்டும் பதிவார்கள், தவறினால் வெளிப் பதிவில் ஒன்றும் வராது. வெவ்வேறு பள்ளிக்கூடங்களிலிருந்து வரும் பிள்ளைகள் நிலைகொள்ள அவகாசம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதனால் அந்த நிறுவகத்தின் பட்டத்துக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இங்கே இதை எழுப்பக்கூடிய இடம் பல்கலைக்கழக மூதவை. பரீட்சை ஒழுங்குவிதிகள் அங்கேதான் ஆராயப்படுகின்றன. பீடாதிபதிகளும் பேராசிரியர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆங்கில மூலம் கற்பிக்கும் பீடங்கள் ஒவ்வொன்றும் முதலில் ஒரு கணக்கு எடுக்கட்டும்: முதல் அரையாண்டில் றிப்பீற் எழுதியவர்களில் எத்தனை பேர் எந்த மாவட்டம், அவர்களில் எத்தனை பேர் ஸ்பெஷலுக்குப் போனார்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். அது மூதவையின் மேசைக்கு வரட்டும், பத்திரிகைகளுக்கும் கிடைக்கட்டும்.

(அடுத்த வாரம்: மகாபொலவும் மாணவர் பதிவும்)