வலைக்கொரு வரம்பு

இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் பட்டிப்பொலவில் உள்ளது. கடல் மட்டத்துக்கு மேல் 1,891 மீற்றர். அதைச் சூழ்ந்த மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் ஒரு நியதியை அறிவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினால் செடி மீண்டும் தளிர்க்கும். செடியைத் தாங்கும் இலைகளையும் சேர்த்து உருவினால் அது நலிந்துபோகும். தராசில் நிறை ஒன்றாயினும் செடியின் கதி வேறு. கடலுக்கும் இந்நியதி பொருந்தும்.

இலங்கைச் சந்தையில் ‘கெலவல்லா’ எனப்படும் மஞ்சள் செட்டைச் சூரை இதற்கு நல்ல சான்று. இந்து சமுத்திரத்தில் இம்மீனைப் பல கருவிகள் பிடிக்கின்றன. பெருங்கப்பல்கள் மிதவைகளின் அடியில் திரளும் கூட்டத்தைச் சுருக்குவலையால் வளைக்கின்றன. அங்கு அகப்படும் இச்சூரைகளுட் பெரும்பாலானவை இளங்குஞ்சுகள். ஆழத்தில் இறக்கும் நெடுந்தூண்டிலிலோ முதிர்ந்த மீன்களே மிகுதியாகச் சிக்கும். ஒரு தொன் முதிர்ந்த மீன் என்றால் சில பத்து மீன்கள். ஒரு தொன் குஞ்சு என்றால் ஒரு முறையேனும் முட்டையிடாத சில நூறு மீன்கள். ஆகவே தொன்னை மட்டும் எண்ணி வரம்பு வகுத்தல் போதாது என்பது வெளிப்படை.

இச்சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என 2015ஆம் ஆண்டு மதிப்பீடு காட்டியது. சீஷெல்ஸில் தலைமையகம் கொண்ட இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழு, 2016இல் கருவிக்கேற்ற வரம்பை விதித்தது. 2014ஆம் ஆண்டுப் பிடிப்பிலிருந்து சுருக்குவலை 15 சதவீதமும், செவுள்வலையும் நெடுந்தூண்டிலும் 10 சதவீதமும், ஏனைய கருவிகள் 5 சதவீதமும் குறைத்தல் வேண்டும். ஆனால் செவுள்வலையால் 2,000 தொன்னுக்கும், ஏனையவற்றால் 5,000 தொன்னுக்கும் மேல் பிடித்த நாடுகளையே அது கட்டுப்படுத்தியது.

விளைந்தது யாது? சிலர் குறைத்தனர், விதிக்கு உட்படாதோர் கூட்டினர், மொத்தப் பிடிப்பு குறையவில்லை. ஒரு வாயிலை அடைத்து மறுவாயிலைத் திறந்துவிட்டால் பட்டியில் ஆடு நிற்குமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையின் பலநாட் படகுகளில் செவுள்வலையும் நெடுந்தூண்டிலும் ஒரே பயணத்தில் செல்வதுண்டு. எந்த மீன் எதில் சிக்கியது எனப் பதியாவிடில் எந்தக் கருவியின் கணக்கில் அதை எழுதுவது?

முதலில் மீனினம் முழுவதும் தாங்கும் அளவைக் காணல், பின் எவரையும் விடாது அதைக் கருவிதோறும் பகிர்தல், கரையில் உண்மையாகப் பதிதல் ஆகிய மூன்றும் ஒன்றுசேர வேண்டும். 2024ஆம் ஆண்டு மதிப்பீடு இச்சூரையின் நிலை தேறியுள்ளதாகக் காட்டுவது ஆறுதலே. எனினும் தளிர்த்த செடியை மீண்டும் மொட்டையடிப்பது எளிது. அவ்வாறு நேருமாயின் முதலில் வெறுமையாவது சிறு படகை நம்பிய மீனவரின் அடுக்களையே.