சந்தனம் செய்த சதி!

‘நடுரோட்டில் நிற்பது’ என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே... அதற்கு முழு அர்த்தம் எனக்குத் தெரிந்தது 1998-ல், கருவேப்பிலங்குறிச்சியில்!

ஆயுத பூஜை முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. என் தங்கைக்கு விருத்தாசலத்தில் அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. காலை பத்து மணிக்கு. என் ஒருத்தன் சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்ட காலம் அது. அவளுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டால் அப்பா கொஞ்சம் நிம்மதியாகத் தூங்குவார். ‘‘பஸ்ஸெல்லாம் எதுக்கு? நானே கொண்டுபோய் விடறேன்’’ என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஆண்டிமடம் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து பைக்கில் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம்தான். வண்டி இருமியது, திணறியது, நின்றது. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். அரை டேங்க் பெட்ரோல் தளதளவென்று ஆடியது. மூடிவிட்டு உதைத்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது! ‘சும்மா ஒரு தூசு, போயிருச்சு’ என்று தங்கையிடம் அளந்துவிட்டேன். சில கிலோமீட்டர் தாண்டி, கருவேப்பிலங்குறிச்சி டீக்கடை எதிரில் மறுபடி அதே இருமல், அதே திணறல். நின்றேவிட்டது.

மணி எட்டே முக்கால். வந்த பஸ்ஸில் படிக்கட்டு வரை ஜனம். தங்கை ஹால் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேசாமல் நின்றாள் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

நான் உதைத்தேன், உதைத்தேன், பேன்ட் தையல் விடும்வரை உதைத்தேன். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஊத ஆரம்பித்தேன். வண்டி நின்றால் பிளக்கை ஊதுவது நம் குல வழக்கமல்லவா!

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பல வருஷம் சூளை வேலை பார்த்தவராம்.

‘‘தம்பி, முதல்ல வண்டியை அடுப்புகிட்டேருந்து அந்தாண்ட தள்ளு. பெட்ரோல் சமாசாரம்’’ என்றார். தள்ளினேன். பிளக்கை வாங்கிப் பார்த்தார். ‘‘வெள்ளையா இருக்கு பார், இதுவும் எங்க பீங்கான் ஜாதிதான். இதும்மேல பழி போடாதே. இத்தனை உதை உதைச்சும் காஞ்சு கெடக்கு. அப்படின்னா பெட்ரோல் வரலைன்னு அர்த்தம். ஈரமா இருந்தா வேற வியாதி.’’

‘‘டேங்க்ல பெட்ரோல் இருக்கே, பெரியவரே!’’

‘‘இருக்கிறது வேற, வர்றது வேற. சூளைக்கு ஆயில் வரலைன்னா நாங்க பர்னரைப் பிரிச்சுப் போட மாட்டோம். டேங்க்லேருந்து ஒவ்வொரு அடியா பார்த்துக்கிட்டு வருவோம். ஆமா, முதல் தடவை நின்னப்போ என்ன பண்ணினே?’’

‘‘மூடியைத் திறந்து பார்த்தேன்...’’

அவர் முகத்தில் சிரிப்பு. பிளக்கை மாட்டச் சொன்னார். கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் பைப்பை உருவி, ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறந்தார். நூல் மாதிரி வந்தது, சொட்டானது, நின்றது. ‘‘இப்ப மூடியைத் திற.’’

திறந்தேன். புஸ்ஸ்! காற்று உள்ளே பாய்ந்தது. பாட்டிலில் பெட்ரோல் கொட்டியது!

மூடியைத் திருப்பிக் காட்டினார். சாவித் துவாரத்தைச் சுற்றி, ஆயுத பூஜைக்கு நான் பக்தியோடு அப்பிய சந்தனம் சிமென்ட் மாதிரி காய்ந்திருந்தது. காற்று போகும் வழி அடைபட்டுவிட்டது. ‘‘எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா மக் மக்குனு திக்கும். எதிர்ல இன்னொரு ஓட்டை போட்டாத்தானே சீரா ஊத்தும்? அதே கதைதான். காத்து உள்ளே போனாத்தான் பெட்ரோல் வெளியே வரும்.’’

ஒரு குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்தார். பைப்பை மாட்டி உதைத்தேன். இரண்டாவது உதையில் வண்டி உறுமியது. காசு நீட்டினேன். ‘‘பாப்பாவைக் கொண்டுபோய் விடு, போ’’ என்றார்.

அன்று கற்ற பாடத்தை அலுவலக நண்பர்களுக்கு இன்றும் ஓதுகிறேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஆறட்டும், பீடி சிகரெட் கூடாது. டேப் ‘ஆன்’-ல் இருக்கிறதா? பெட்ரோல் குறைவென்றால் ‘ரிசர்வ்’-க்குத் திருப்புங்கள். மூடியைத் திறந்தும் பைப்பில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? டேப் ஃபில்டரில் துரு, அல்லது பைப் மடங்கியிருக்கும். பைப்பில் நன்றாக வருகிறது, ஆனால் கார்புரேட்டர் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தினால் ஒன்றும் வரவில்லையா? மிதவையின் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கேயும் வருகிறதென்றால் ஜெட் அடைப்பு. அதைக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துவாரம் பெரிதாகி, வண்டி பெட்ரோலைக் குடிக்கும்!

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபின் புது பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தான். அவற்றில் பைப்பை உருவாதீர்கள், பிரஷரில் பீச்சியடிக்கும். சாவி போட்டதும் டேங்குக்குள் பம்ப் ‘விர்’ரென்று ஒரு நொடி ஒலிக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் மெக்கானிக்கிடம் போங்கள். இன்னொன்று: இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். டேங்கில் மழைத்தண்ணீர் நிறையப் புகுந்தால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். ஆனால் எந்தக் காலத்து டேங்க் ஆனாலும் மூச்சுவிட வேண்டும்!

ஒன்பதே முக்காலுக்குப் பரீட்சை ஹால் வாசலில் இறக்கிவிட்டேன். அந்தத் தேர்வில் அவள் தேறவில்லை. அடுத்த வருஷம் எழுதியதில் தேறினாள். அந்தத் தடவை நான் கூப்பிட்டும் பைக்கில் வரவில்லை, பஸ்ஸில் போனாள் என்பது வேறு விஷயம்!

இப்போதும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காலையிலேயே அவளிடமிருந்து போன் வந்துவிடும்.

‘‘அண்ணே, சந்தனத்தை ஹெட்லைட்டுல வை. மூடியில வைக்காதே!’’