இடுப்புப் பையும் அப்பாவோட பச்சை பெல்ட்டும்

"என்னடா இது, பஸ் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்துட்டியா?"

எடின்பரோவுல என்கூட அறையில தங்கியிருக்கிற மதுரைக்காரன் கேட்ட கேள்வி இது. காரணம், நான் புதுசா வாங்கின இடுப்புப் பை. கறுப்பு கலர், ரெண்டு ஜிப், 12 பவுண்டு. (ரூபாய்ல பெருக்கிப் பார்க்காதீங்க, நானே நிறுத்திட்டேன்.)

வாங்க வேண்டிய கட்டாயம் வந்த கதைய முதல்ல சொல்லிடறேன். ஆகஸ்ட் மாசம் இங்க ஃப்ரிஞ்ச் கலை விழா. ராயல் மைல் தெருவுல நம்மூர் தேர்த் திருவிழா மாதிரி கூட்டம். ஒருத்தர் நெருப்புப் பந்தத்த வெச்சு வித்தை காட்டிட்டு இருந்தார். நல்லா கை தட்டிட்டு ஜாக்கெட் பாக்கெட்ல கைய விட்டா, போனைக் காணோம்!

போனது வெறும் போன்னா பரவாயில்லைங்க. பேங்க், பஸ் டிக்கெட், வீட்டுக்காரர் நம்பர் எல்லாம் அதுலதான். விசா கூட இப்ப அட்டையா கையில கிடையாது, ஆன்லைன்ல ஈவிசாதான். அதுக்குள்ள போறதுக்கான கோடும் அந்த நம்பருக்குத்தான் வரும். புது சிம் வர்ற வரைக்கும் நாலு நாள் நான் யாருன்னு நிரூபிக்கவே என்கிட்ட ஒண்ணும் இல்ல. வயித்துல புளியக் கரைச்சுடுச்சு.

அப்புறம்தான் யோசிச்சேன். 2007ல வந்த முதல் ஐபோனோட திரை 3.5 இஞ்ச். 2024ல வந்த ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் 6.9 இஞ்ச். பேன்ட் பாக்கெட் மட்டும் அதே சைஸ்லதான் இருக்கு. அது பத்தாதுன்னு சாவிக்கொத்து, பவர் பேங்க், குளிருக்குக் கையுறை வேற. பர்ஸை பின்பாக்கெட்ல திணிச்சு உட்கார்ந்தா நரம்பு அழுந்தி காலெல்லாம் வலி இழுக்கும். இதைப் பத்தி 1978லயே ஜாமா மருத்துவ இதழ்ல எழுதியிருக்காங்க.

சரி, ஆம்பளைங்க பை மாட்டுறது புதுப் பழக்கமான்னா, கிடையவே கிடையாது. 1991ல ஆஸ்திரியா-இத்தாலி எல்லை மலைப் பனியில ஓட்ஸி-ங்கிற மனுஷனோட உடம்பு கிடைச்சுது இல்லையா? செத்து 5,000 வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் இடுப்பிலயும் தோல் பை! உள்ள சிக்கிமுக்கிக் கல் கருவிங்க, எலும்பு ஊசி, தீ மூட்டுற காளான். அன்னிக்கு அதுதான் அவருக்கு பவர் பேங்க்.

ஐரோப்பாவுல பாக்கெட்டைத் துணியோடயே வெச்சுத் தைக்கிறது பரவலானது 16, 17ஆம் நூற்றாண்டு வாக்குலதான். அதுக்கு முன்னாடி ஆம்பளைங்க பணப்பைய பெல்ட்ல கட்டித் தொங்கவிட்டாங்க. அந்தக் கயித்த அறுத்துட்டு ஓடுற திருடனுக்கு இங்கிலீஷ்ல ‘கட்பர்ஸ்’னு பேர். நம்மூர்ல வேட்டி முனையில காசை முடிஞ்சு வெச்சாங்க, அதை அவுக்கறவன் முடிச்சவிக்கி. திட்டுறதுக்கு மட்டும்தான் அந்த வார்த்தைன்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், ஹிஹி.

இந்த ஊர்லயே பாருங்க. ஸ்காட்லாந்துக்காரங்க கட்டுற கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. அதனால முன்னாடி ‘ஸ்போரன்’னு ஒரு தோல் பைய தொங்க விடறாங்க. கேலிக் மொழியில பணப்பைன்னுதான் அர்த்தம். டான்ஸ் ஆடும்போது மட்டும் இடுப்புப் பக்கம் தள்ளி விட்டுக்குவாங்க. கல்யாண மாப்பிள்ளை கூட அதோடதான் நிப்பார். யாரும் கண்டக்டர்னு கேக்கறதில்ல!

நம்ம பைக்கு இங்க ‘பம் பேக்’னு பேர். அமெரிக்காக்காரங்க சொல்ற ‘ஃபேனி பேக்’கை இங்க கடையில கேட்டுடாதீங்க, அதோட முதல் பாதி இங்க ஆபாச வார்த்தை. 1990கள் முடிஞ்சப்புறம் டூரிஸ்ட் மாமாங்க சமாச்சாரம்னு கிண்டல் பண்ணின பை இது. 2017ல லூயி வுய்ட்டானும் சுப்ரீமும் சேர்ந்து போட்ட வரிசையிலயே இடம் பிடிச்சுது. இப்ப பசங்க நெஞ்சுக்குக் குறுக்கா மாட்டிட்டுத் திரியறாங்க.

மாட்டுறவங்களுக்கு அனுபவத்துல ரெண்டு விஷயம். கூட்டத்துல பை முதுகுப் பக்கம் போகவே கூடாது, முன்னாடிதான். போனும் பாஸ்போர்ட்டும் உடம்ப ஒட்டின ஜிப்ல, வெளி ஜிப்ல சில்லறையும் கைக்குட்டையும்.

இதெல்லாம் எழுதினாலும், உண்மையில சொல்ல வந்தது வேற.

எங்கப்பா பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் யாவாரம். வேட்டிக்கு மேல பட்டையா பச்சை பெல்ட், அதுல பட்டன் வெச்ச மூணு பாக்கெட். சந்தைப் பணம் மொத்தமும் அதுக்குள்ளதான். 2024ல என் பீஸுக்காக கோயமுத்தூர் பேங்க்குக்குப் போனோம். கவுண்டர்ல சட்டைய தூக்கி, பெல்ட் பட்டனைக் கழட்டி, பாக்கெட்டுக்கு ஒரு கட்டா மூணு கட்டு எடுத்து வெச்சார். ஒன்றரை லட்சம். பின்னாடி வரிசையில யாரோ சிரிச்சாங்க. நான் சுவத்தைப் பார்த்துட்டு நின்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ல சொன்னேன், "இனிமே அந்த பெல்ட்டோட டவுனுக்கு வராதீங்கப்பா."

அவர் ஒண்ணும் பேசல. என்னை ஏர்போர்ட்டுல விட வந்தப்ப பெல்ட் இல்ல. பணம் சட்டைப் பாக்கெட்ல. நான் உள்ள போற வரைக்கும் ஒரு கைய நெஞ்சு மேல வெச்சு அதைப் பொத்திட்டே நின்னார்.

போன வாரம் வீடியோ கால்ல என் பையப் பார்த்துட்டார். "இதென்ன சாமி, நம்ம பச்சை பெல்ட்டாட்ட இருக்குது?"

"அதேதானுங்ப்பா."

"எத்தனை பாக்கெட்டு?"

"ரெண்டுங்க."

"என்றதுல மூணு," னு சொல்லிச் சிரிச்சார்.

"அது இப்ப எங்கீங்ப்பா?"

"பீரோக்குள்ள கெடக்குது."

"எடுத்துக் கட்டிக்குங்க. சந்தைக்குப் பணத்த சட்டைப் பாக்கெட்ல வெச்சுட்டுப் போவாதீங்க. அன்னிக்கு நான் சொன்னது தப்புங்ப்பா."

அவர் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சாப்புட்டியா கண்ணு?"ன்னார்.

உங்க வீட்ல பச்சை பெல்ட் கட்டுறவங்க யாராச்சும் இருந்தா, அதைக் கொஞ்சம் மரியாதையா பாருங்க மக்களே.